அழுத மூக்கு

பால் பண்ணையில் கையை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு, முதுகை வைத்து வாங்குகிறவர்கள் உண்டு, வாயை மட்டும் வைத்து வாங்குகிறவர்களும் மாடி அலுவலகத்தில் ஒன்றிரண்டு பேர் உண்டு. மூக்கை வைத்துச் சம்பளம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு மூக்கக்கா என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்க முடியும்.

காலையில் வண்டிகள் வந்து இறக்குமேடையை ஒட்டி வரிசை கட்டி நிற்கும். மொட்டை என்கிற சுமைக்காரன் கேன்களை இறக்கி மேடையில் வைப்பான். அவனுக்குத் தலை நிறைய முடி. என்றைக்கோ அடித்த மொட்டை, பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் மூடியைத் திருகி எடுத்து, குனிந்து, ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். நல்ல பால் என்றால் "போ" என்பாள். கெட்டது என்றால் "நில்லு". நில்லு என்ற கேனின் கழுத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி விழும். குறி விழுந்த கேனைப் பெரிய டேங்கில் ஊற்றக்கூடாது. ஒரு கேன் புளித்த பால் போதும், டேங்க் முழுவதும் நாசமாகிச் சாக்கடைக்குத்தான் போகும். அந்த டேங்கிலிருந்துதான் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பால் போகிறது, பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. லேப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கேனுக்குக் கேன் லேப்பில் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசிக் கேனுக்குள் தயிர்தான் இருக்கும்.

இந்த வேலையில் மூக்கைவிடப் பெரிய சங்கதி முகம். வண்டிக்காரர்கள் அவள் வாயைப் பார்க்க மாட்டார்கள், முகத்தைத்தான் பார்ப்பார்கள். மூக்கு லேசாகச் சுருங்கினால் போதும், "என்ன, என்ன, எங்க பாலுக்கு என்ன குறைச்சல்?" என்று வார்த்தை வருமுன்பே சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவளுக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர் கெட்ட கேனைத் திறந்ததும் "உவ்வே" என்று ஓங்கரிப்பாராம். ஒருநாள் பால்காரன் ஒருவன் கேன் மூடியைத் தூக்கி அவர் மேலேயே எறிந்துவிட்டான். அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டவள் அவள். செத்த எலி மிதந்த கேனைக்கூட அவள் திருமண மண்டபத்து வாசலில் நிற்கிறவள் மாதிரி பார்த்திருக்கிறாள். வயிறு உள்ளே புரளும். முகம் அப்படியே இருக்கும். கெட்ட கேனை மோந்த பிறகு முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் மூக்கைப் புதைத்து ஒரு மூச்சு இழுப்பாள். சொந்த உடம்பின் வாசனையில் மூக்கைக் கழுவிக்கொள்வது அது. அதற்கு அப்புறம்தான் அடுத்த மூடி.

வாசனைச் சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, வேலைக்கு முன்னால் வெங்காயம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, அழக்கூடாது. அழுதால் மூக்குக்குள் சதை வீங்கிக்கொள்ளும். கண் காய்ந்த பிறகும் மூக்கு திறக்க நெடுநேரம் பிடிக்கும். அழுத மூக்குக்குப் பாலும் ஒன்றுதான், சுண்ணாம்புத் தண்ணீரும் ஒன்றுதான்.

இந்த ரகசியத்தை அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில், புருஷன் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, "என்னை மட்டும் அழவச்சுடாதீங்க. மூக்கு அடைச்சுக்கும். அப்புறம் சோத்துக்கு லாட்டரிதான்" என்று சொன்னாள். அவன் சிரித்து, அவள் மூக்கைப் பிடித்துக் கிள்ளி, "சத்தியமா மாட்டேன்" என்றான். சத்தியமாம்! கருமம்.

புருஷனும் பால் வண்டி ஓட்டுகிறவன்தான். அவனுடைய அண்ணன், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் ஆசாமி, மாட்டுக் கொட்டகை வைத்து, சுற்று வட்டாரத்துப் பாலையும் வாங்கிச் சேர்த்துப் பண்ணைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வண்டியைத்தான் தம்பி ஓட்டினான். அண்ணன் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். மேடையில் அவள் அவனையும் மற்றவர்களைப் போல "வண்டிக்காரரே" என்றுதான் கூப்பிடுவாள். அதைச் சொல்லி மொட்டை கேலி செய்வான். "வீட்ல அவர் வண்டிக்காரரா, நீ வண்டிக்காரியா அக்கா?"

அந்தக் கோடையில் வெயில் ஏற ஏற அவள் வீட்டில் சண்டையும் ஏறியது. சில காலைகளில் அவன் எழுந்திருக்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். டீயில் சர்க்கரை இல்லை என்பான். சட்டைக்குப் பொத்தான் இல்லை என்பான். எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"உங்கம்மா உசுரு போகும்போது நீ எங்கே இருந்தே? சொல்லு, எங்கே இருந்தே?"

அவள் மேடையில் இருந்தாள். போன வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது வண்டிகள் வரிசையில் நின்றன. முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். முடித்துவிட்டுத்தான் போனாள். அம்மா அதற்குள் முடிந்துவிட்டிருந்தாள்.

"பெத்தவ பக்கத்துல ஆள் இல்லாம அநாதையாட்டம் செத்தா. நீ கேனை மோந்துகிட்டு நின்னே. நீயெல்லாம் ஒரு பொம்பளை!"

அவ்வளவுதான். அவள் உடைந்து, சமையலறைச் சுவரில் சாய்ந்து, தேம்பித் தேம்பி அழுவாள். அவனே கடைசியில் துண்டை நனைத்துக் கொண்டுவந்து கொடுப்பான். "சரி விடு. ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். முகத்தைக் கழுவு, நேரமாச்சு பாரு." அவள் மூக்கைச் சிந்துவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பான். என்ன இருந்தாலும் மனசுக்குள் பாசம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அழுத மூக்கோடு மேடையில் நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புருஷன் திட்டினான் என்று எந்த சூப்பர்வைசரிடம் போய் விடுப்புக் கேட்பது? வழியெல்லாம் குளிர்ந்த தண்ணீரால் முகத்தை அடித்துக் கழுவிக்கொண்டே போவாள். திறந்துவிட்டது, திறந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அப்படித் திறந்த அழகில் ஒரு டேங்க் கெட்டது. கொஞ்ச நாள் கழித்து இன்னொன்றும் கெட்டது. அவ்வளவு பாலையும் சாக்கடையில் திறந்துவிட்டபோது பண்ணை முழுக்க நாறியது. வேலைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசரம்மா கெட்டவள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாள்.

"யாரோட கேன்னு கண்டுபிடிக்க முடியலை. நீதான் எல்லாத்துக்கும் போ போன்னு சொல்லியிருக்கே. உனக்கு என்னம்மா ஆச்சு?"

"தெரியலைம்மா."

"வயசாகுதோ?"

"இருக்கும்மா."

"இன்னொரு டேங்க் போச்சுன்னா நான் மேலே பதில் சொல்ல முடியாது. உன்னை இறக்கிக் கேன் கழுவுற இடத்துக்கு அனுப்பிடுவாங்க. சம்பளம் பாதிகூட வராது. பாத்துக்கோ."

பாதிச் சம்பளம் அவளை அவ்வளவு உலுக்கவில்லை. மூக்கு செத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்புதான் உலுக்கியது. வீட்டில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து மோந்து பார்த்தாள். தீக்குச்சி, ஈரத்துணி, மழைக்கு முந்திய மண், புருஷனின் சட்டை. எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. பிறகு ஏன் மேடையில் மட்டும் காலை வாருகிறது? அழுகை மட்டும்தான் காரணமா, வயசும் சேர்ந்துகொண்டதா? அவளுக்குப் புரியவில்லை. நாம் ஒன்றுக்கும் லாயக்கில்லாமல் போய்விட்டோம் என்று உள்ளுக்குள் குமைந்தாள்.

வார விடுமுறை நாளில், பெரியவர் வீட்டுக்குப் போனாள். ஓரகத்திக்கு இடுப்பு வலி, கேன்களைக் கழுவ ஒரு கை உதவி வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஓரகத்தி வாய் ஓயாதவள். கை செய்கிற வேலையை வாயும் சேர்ந்து செய்யும்.

கொட்டகைக்குள் நுழையும்போதே குப்பென்று அடித்தது. சாணி நாற்றம் இல்லை, அது அவளுக்குப் பழக்கம். இது நாள்பட்ட பால் துணியில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறி, மறுபடி காய்ந்த நாற்றம். வடிகட்டும் துணி ஆணியில் விறைத்துத் தொங்கியது. அதன் மேல் ஈக்கள் அப்பியிருந்தன. பாலைக் குளிரவைக்கும் மெஷின் மூலையில் வாயைப் பிளந்து நின்றது. அதன் மேல் பெரியவரின் உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னக்கா, மெஷின் ஓடலையா? மேலே துணி காயுது?"

"அது மண்டையைப் போட்டு எத்தனை நாளாச்சு! ரிப்பேர் பண்ணுங்கன்னு நானும் கத்திக் கத்திப் பாத்துட்டேன். உங்க மாமாவுக்குக் கை வந்தாத்தானே. பனியன் காயவைக்க நல்லா இருக்குன்னு விட்டுட்டார். நீ அந்தப் பெரிய கேனை இப்படித் தள்ளு."

"அப்போ சாயங்காலம் கறக்குற பால்?"

"அப்படியே கிடக்கும். நல்ல வெயில்னா விடியறதுக்குள்ள முறுக்கிக்கும். ஒரு கை சோடா உப்பை அள்ளிப் போட்டு இவர் கையாலேயே கலக்குவார். புளிப்பு அடங்கிடுமாம். கையைக் கழுவவும் மாட்டார், அதே கையோட வந்து சோத்துக்கு உக்காருவார். எனக்கே குமட்டும் போ."

அவள் கேன் தேய்க்கிற பிரஷ்ஷை நிறுத்தினாள். "அக்கா, சோடா போட்டாப் புளிப்பு நாக்குக்குத்தான் தெரியாது. சவக்காரம் மாதிரி ஒரு வாடை வரும். என் மூக்குக்குத் தப்பவே தப்பாதே."

ஓரகத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்குத்தானே அந்த நாடகம்! நீ நல்லா நடிக்கிறேடி அம்மா. என்கிட்டயே ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்குறே பாரு."

"என்ன நாடகம்?"

"அடிப்போடி. பால் முறுக்கின அன்னிக்கு இவர் காலையில போன் போடுவார். 'இன்னிக்கு ஜலதோஷம்டா' அப்படீன்னு ஒரே வார்த்தை. உடனே உன் வீட்டுக்காரர் உன்கூட ஒரு சண்டையை இழுப்பார். நீ அழுவே. மூக்கு அடைச்சுக்கும். கேன் போயிடும். நாளைக்கே யாராவது கேட்டா, சளி பிடிச்சிருந்தது, தெரியாம விட்டுட்டேன்னு நீயும் சொல்லிக்கலாம். என்ன மூளை பாரு! புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டுத்தான் செய்யறீங்கன்னு நான் நினைச்சுட்டிருந்தேன்." அவள் கூடச் சேர்ந்து சிரிக்காததை ஓரகத்தி அப்போதுதான் கவனித்தாள். சிரிப்பு நின்றது. "ஏன்டி, உனக்குத் தெரியாதா?"

அவள் பிரஷ்ஷை மறுபடியும் கேனுக்குள் விட்டுத் தேய்த்தாள். முகம் அப்படியேதான் இருந்தது. பழக்கம்.

"ஐயையோ, நான் ஒரு கூறு கெட்டவ. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கேனா? நான் சொன்னேன்னு சொல்லிடாதேடி. என்னைக் கொன்னே போட்டுடுவார்."

"சொல்லலைக்கா."

"கோபமா?"

"இல்லைக்கா."

உண்மைதான், கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது அருவருப்பு. அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்து, உப்புக்கரிக்க நின்றது. துண்டை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தானே, அது நினைவுக்கு வந்தது. அவள் மூக்கைச் சிந்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தானே! பாசம் என்று நினைத்தாளே! சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறான் படுபாவி. கேனை அவள் பார்க்கிற மாதிரி அவளை அவன் பார்த்திருக்கிறான். செத்துப்போன அம்மாவைத் தோண்டி எடுத்துப் புளித்த பாலுக்கு மூடியாகப் போட்டிருக்கிறார்கள் அண்ணனும் தம்பியும். தூ!

மீதிக் கேன்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவள் வீடு திரும்பினாள்.

அன்றிரவு அவனுக்குச் சோறு போட்டாள். அவன் பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை. அந்த விரல்கள், அந்த வாய், அந்த மெல்லும் சத்தம் எல்லாமே அவளுக்குக் குமட்டியது. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் இல்லை என்று சாதிப்பான். அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். அவள் அழுவாள். அத்தோடு அந்தச் சங்கதி முடிந்துபோகும். மூடியைத் திறக்காமல் எந்தக் கேனுக்கும் குறி போடக்கூடாது என்பது மேடையில் அவள் வைத்திருந்த சட்டம். எதிரில் நிறுத்தி, மோந்து, பிறகுதான் சொல்ல வேண்டும். பொறுத்திருந்தாள்.

ரொம்ப நாள் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் புழுக்கம் தாங்க முடியாமல் விடிந்தது. அவள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. பெரியவரின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கிற குரல். "இன்னிக்கு ஜலதோஷம்டா." அவன் "சரிண்ணே" என்று சொல்லிப் போனைப் பையில் போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறைக்குள் வந்தான்.

"இது என்ன டீயா, கழுநீரா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எதிர்த்துப் பேசாதே. நாக்குல வைக்க முடியலை. உனக்கு எதுதான் உருப்படியாத் தெரியும்? அந்த மூக்கு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் போச்சு. பண்ணையில காறித் துப்புறான் உன்னை."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். மேடையில் நிற்பதுபோல் காலைக் கொஞ்சம் அகட்டி நின்றுகொண்டாள். மூடி திறக்கிறது, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு மூச்சு இழு. என்னவென்று தெரிந்துகொள். குறி போடு. அடுத்தது.

"என்ன முறைக்கிறே? உங்கம்மா செத்தப்பவும் இப்படித்தானே கல்லு மாதிரி நின்னே? எங்கே இருந்தே அன்னிக்கு? சொல்லு, எங்கே இருந்தே?"

வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். கண்ணின் ஓரம் சுட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் கை சுவர்ப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது கண் முன்னால் வந்து நின்றது. அவள் முழங்கையை மடக்கி, மடிப்பில் மூக்கை வைத்து, ஒரு மூச்சு இழுத்தாள். சொந்த வாசனை. தான் இன்னும் இருக்கிறோம் என்று தெரிந்தது.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி பண்றே?"

"ஒண்ணும் இல்லை. நீங்க சொல்லுங்க."

"அநாதைப் பொணமாப் போச்சு உங்கம்மா. நீதான் கொன்னே. நீ போயிருந்தா அந்தக் கிழவி இன்னும் ரெண்டு நாள்..." என்று சொல்லிக்கொண்டே அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. பெற்றவளைக் கொன்றாய் என்று பெண்டாட்டியைச் சொல்கிற வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கண் மணி பார்க்கிறது. வண்டிக்கு நேரமாகிறது, இவள் இன்னும் அழவில்லையே என்று பார்க்கிறது. அவளுக்கு ஓரத்தில் சுட்டுக்கொண்டிருந்த கண்ணீர் அப்படியே வற்றிப்போனது. அசிங்கத்தை மிதித்த காலைப் பார்த்து யார் அழுவார்கள்? கழுவத்தான் தோன்றும்.

"டீ ஆறுது, குடிங்க. எனக்கு நேரமாச்சு."

அவன் கண்ணாடி டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அக்கம்பக்கமெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலைத் தாண்டும்போதே அவன் போனில் பேசுவது காதில் விழுந்தது. "அண்ணே, இன்னிக்கு அழலைண்ணே."

மேடையில் அன்று அவள் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். முதல் வண்டியின் கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். போ. போ. போ. மூக்கு, துடைத்து வைத்த கண்ணாடி போல் இருந்தது. எந்தக் கேன் காலையில் கறந்தது, எந்தக் கேன் வைக்கோல் ஈரமாக இருந்த வீட்டிலிருந்து வந்தது என்பதுகூடத் தெரிந்தது. செத்துப்போகவில்லை. ஒன்றும் செத்துப்போகவில்லை. அவளுக்கு அந்த நெருக்கடியிலும் சந்தோஷமாக இருந்தது.

புருஷனின் வண்டி வந்து நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாகப் பெரியவர் இறங்கினார். அவர் பண்ணைப் பக்கம் வருகிறவரே இல்லை. அவன் இறங்கியதும் இறங்காததுமாக மற்ற வண்டிக்காரர்களிடம் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"பாத்து இருங்கப்பா. இன்னிக்கு எங்க வீட்ல பெரிய ரகளை. என் மேலே இருக்கற கோபத்துல யார் கேனை வேணா திருப்பி அனுப்புவா. ஏற்கெனவே மூக்கு வேற போயிடுச்சு."

மொட்டை கேன்களை இறக்கி வைத்தான். அவள் முதல் மூடியைத் திருகினாள். குனிந்தாள். மேலே சவக்காரம். அதற்கு அடியில் புளிப்பு. அதற்கும் அடியில், அந்தக் கொட்டகை, அந்த ஈ, கழுவாத அந்தக் கை. முகத்தில் ஓர் இழை அசையவில்லை.

"நில்லு" என்றாள். சிவப்புக் குறி விழுந்தது. அடுத்தது. "நில்லு." அடுத்தது. "நில்லு."

"நான் சொல்லலை?" என்று அவன் கையைத் தட்டினான். "பாத்தீங்களா? வீட்டுச் சண்டையைக் கொண்டுவந்து மேடையில காட்டுறா. சூப்பர்வைசரம்மாவைக் கூப்பிடுங்க."

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவளே வந்துவிட்டாள். டேங்கர் லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? எல்லாக் கேனும் கெட்டதா?"

"ஆமாம்மா. சோடா போட்டிருக்கு."

"உனக்கும் இவருக்கும் காலையில சண்டையாமே?"

"ஆமாம்மா. சண்டைதான்."

"அதனால இல்லையே?"

"சண்டை வேற, பால் வேற அம்மா."

பெரியவர் நடுவில் வந்தார். "மேடம், நான் ஒண்ணு கேக்குறேன். முன்னாடி ரெண்டு டேங்க் போச்சே, அப்போ எங்கே போச்சு இந்த மூக்கு?"

நியாயமான கேள்வி. சூப்பர்வைசரம்மாவும் அவள் முகத்தைத்தான் பார்த்தாள். அவள் பெரியவரைப் பார்த்துச் சொன்னாள், கத்தாமல், கேனுக்குச் சொல்வது போலவே.

"அப்போ அழுதுட்டு வந்தேன் மாமா. இன்னிக்கு அழலை."

புருஷனின் முகம் சுண்டிப்போனது. ஆனால் பெரியவர் எத்தனை சந்தையில் அடிபட்ட ஆள்! உடனே சிரித்துக்கொண்டார்.

"இந்தக் கதையெல்லாம் எதுக்கு? பால் கெட்டதா நல்லதான்னு இப்பவே காட்டுறேன். டேய் தம்பி, ஒரு டம்ளர் எடுத்துக் குடிடா. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கண்ணால் 'ம்' என்றார். குறி போட்ட கேனிலேயே ஒரு டம்ளரை முக்கி எடுத்தான். ஒரே மூச்சில் குடித்தான். குரல்வளை ஏறி ஏறி இறங்கியது. முகம் சுளிக்கவில்லை. புருவம்கூட அசையவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "கற்கண்டு மாதிரி இருக்கு" என்றான்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அது அவளுடைய முகம். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அதையும் திருடி வைத்திருக்கிறான்.

"குடிச்சுட்டாரே" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். "கெட்ட பாலா இருந்தா எப்படிக் குடிப்பார்?" சூப்பர்வைசரம்மா கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள். டேங்கர் மறுபடியும் ஹாரன் அடித்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இவ்வளவு பாலை நிறுத்தினா நானும் மேலே பதில் சொல்லணும். குறியை அழிக்கிறியா?"

"இல்லைம்மா. நிக்கட்டும்."

"உன் வேலைக்கே வினை வரும்."

"வரட்டும்மா. நிக்கட்டும்."

கேன்மேல் கையை ஊன்றி நின்றிருந்த மொட்டை தலையைச் சொறிந்தான். "எதுக்கும்மா இவ்வளவு பேச்சு? தம்பி குடிச்சுட்டார். பால்காரரும் ஒரு டம்ளர் குடிச்சுட்டார்னா முடிஞ்சுது. பெரியவரே, இந்தாங்க." டம்ளரை நிறைய முக்கி நீட்டினான்.

பெரியவர் ஒரு அடி பின்னால் வைத்தார். "எனக்கா? எனக்குப் பால் ஒத்துக்காதுப்பா."

"பால் வியாபாரிக்குப் பால் ஒத்துக்காதா?"

"இல்லை, இன்னிக்கு வயிறு சரியில்லை. மாத்திரை வேற போட்டிருக்கேன். சட்டையில கொட்டிடப் போறே, தள்ளிப் பிடி. சே, கிட்டக் கொண்டுவராதே!" டம்ளர் முகத்துக்கு நேராக வந்ததும் அவர் மூக்கு தன்னை அறியாமல் சுருங்கியது. கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்திய பிறகுதான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று உறைத்தது.

முதலில் மொட்டைதான் சிரித்தான். பிறகு மேடையே சிரித்தது. சூப்பர்வைசரம்மா சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் ஓரமா வை. ஒவ்வொரு கேன்லயும் எடுத்து லேப்புக்கு அனுப்பு. இந்த வண்டியை வெளியே நிறுத்தச் சொல்லு" என்றாள்.

அவன் வண்டிக்குப் பின்னால் ஓடினான். அவன் வாந்தி எடுக்கும் சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. பெரியவர் மூக்கைப் பொத்தியபடியே தம்பி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்து போய் நின்றார். அவள் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"அடுத்த வண்டி" என்றாள்.

கடைசிக் கேனுக்கும் போ சொல்லி முடித்தாள். கேன் கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மத்தியானம் லேப்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சோடாதான். பெரியவரின் பாலை இனி வாங்குவதில்லை என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் வழக்கமாகச் சாய்ந்து அழுகிற அதே சுவர். காலையில் உடைந்த டம்ளர் பெருக்காமலே கிடந்தது.

"அண்ணன் என்னைக் கை கழுவிட்டார்" என்றான். "ஆபீஸ்ல போய், சோடா போட்டது என் தம்பிதான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டார். வண்டியையும் பிடுங்கிக்கிட்டார். அவருக்காக அந்தக் கண்றாவியைக் குடிச்சேன். எனக்காக அவர் ஒரு வாய்..." குரல் உடைந்தது.

அவள் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கி அள்ளினாள்.

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"இன்னிக்குக் காலையில நீங்க மணி பாத்தீங்களே, அதுக்கு முன்னாலேயே தெரியும்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். பெரிய ஆம்பிளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். மன்னிச்சுடு என்றான். உங்கம்மா பேச்சை இனிமே எடுக்கவே மாட்டேன் என்றான். சத்தியமா என்றான். மூக்கிலிருந்து ஒழுகி மீசையில் இறங்கி வாய்க்கு வந்தது. முன்பாக இருந்தால் அவள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். இப்போது அந்த ஒழுகலைப் பார்க்க அவளுக்குக் குமட்டியது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பாவத்தைவிடக் குமட்டல்தான் அதிகம்.

கொடியிலிருந்து துண்டை எடுத்தாள். குழாயில் நனைத்துப் பிழிந்தாள். அவன் எப்போதும் கொடுப்பது போலவே அவன் கையில் கொடுத்தாள். பக்கத்தில் நின்று, அவன் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரைக்கும் பார்த்தாள்.

"அழாதீங்க" என்றாள். "மூக்கு அடைச்சுக்கும்."

அவன் துண்டும் கையுமாக அப்படியே உறைந்துபோனான்.

அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மறுநாள் வார விடுமுறை. மூடி திறக்க வேண்டிய கேன் எதுவும் இல்லை. பாயை விரித்து, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்து, அம்மாவை நினைத்து நன்றாக அழுதாள்.